கும்பகோணத்துப் பந்தியும் கிள்ளான் மேசையும்

கும்பகோணத்தில் எங்கள் குடும்பம் நடத்தி வரும் சைவச் சாப்பாட்டுக் கடையின் கிளையை மலேசியாவின் கிள்ளான் நகரில் தொடங்கிய நாளிலிருந்து, ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்க உள்ளவங்களுக்கு நம்ம காரம், புளியெல்லாம் ஒத்துப்போகுதா?" காரமும் புளியும் அங்கே ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. மிளகாய் அரைத்துச் செய்யும் சம்பாலும் புளி சேர்த்த மீன் குழம்பும் அன்றாடம் சாப்பிடுகிற நாட்டில் நம் வத்தக்குழம்பைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. சுவை எளிதாகக் கடலைக் கடந்துவிடுகிறது. எதை முதலில் வைப்பது, யார் கேட்டுப் போடுவது, எதற்குக் காசு வாங்குவது, எது யாருக்கு ஆகாது, அடுப்படியில் யார் நிற்பது என்று சாப்பாட்டைச் சுற்றி நாம் வைத்திருக்கும் முறைகள்தான் எளிதில் கடப்பதில்லை. வெளிநாட்டில் கடை போட நினைக்கும் தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கத்து நண்பர்கள் சிலர் தொடர்ந்து யோசனை கேட்டு வருவதால், தம்பியும் நானும் அங்கே கண்டவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காவிரிப் படுகைக்காரர்களுக்கு மலாயா அந்நியமான இடம் அன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பலின் பெயர் இன்றும் எங்கள் பக்கத்து முதியவர்களின் வாயில் வருகிறது. அந்தச் சுவெட்டன்ஹாம் துறைமுகம்தான் இப்போதைய கிள்ளான் துறைமுகம். கூத்தாநல்லூர், நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிடலாம். இந்த நெருக்கமே நம்மவர்களை ஒரு தப்புக்கணக்கில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே தமிழர் இருக்கிறார்கள், தமிழருக்குத் தமிழ்நாட்டுச் சாப்பாட்டின் மேல் ஏக்கம் இருக்கும், ஆகவே கடை திறந்த அன்றே கூட்டம் வந்துவிடும் என்பதுதான் அந்தக் கணக்கு.

மலேசியக் குடிமக்களில் இந்திய வம்சாவளியினர் 7 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களில் பலரின் முன்னோர் ரப்பர் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள். நான்கைந்து தலைமுறைகளாக அந்த மண்ணில் வாழ்ந்து, கருவாட்டையும் தேங்காய்ப்பாலையும் நெத்திலிச் சம்பாலையும் சோயா சாறு ஊற்றி வறுத்த கோழியையும் தங்கள் அடுப்பில் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டவர்களுக்கு, நாம் கொண்டுபோகும் சாப்பாடு ஊர் நினைவு அன்று. அது இன்னொரு நாட்டின் உணவு. வாழையிலைச் சாப்பாடு என்றால் அவர்கள் கண்முன் வருவது வேறு காட்சி. சோற்றோடு இரண்டு மூன்று காய்கறி, அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் இலையில் இருக்கும். ஆனால் மையத்தில் இருப்பது மீன் குழம்போ கோழிக் குழம்போ ஆட்டிறைச்சி வறுவலோதான். பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், மோர் என்று நாம் வரிசை கட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அங்கே மீன் குழம்பையும் பருப்பையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, ரசத்தை ஒரு கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கிறார்கள். இரண்டுக்கும் அதனதன் நியாயம் இருக்கிறது.

எங்கள் சாம்பாரைச் சாப்பிட்ட ஓர் இளம்பெண் தம்பியிடம், "நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா எங்க பாட்டி வைக்கிற சாம்பாரு இப்படித் தண்ணியா இருக்காது லா" என்று சொன்னார். உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் போட்டுப் பருப்பு கெட்டியாக நிற்கும் சாம்பார்தான் அவர் வீட்டுச் சாம்பார். பலகை எழுத வந்தவர் 'அசல் தமிழ்ச் சுவை' என்று பெரிதாகப் போடலாம் என்றபோது நாங்கள் வேண்டாம் என்று மறுத்ததற்கும் அதுவே காரணம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழராகவே வாழ்ந்து, தமிழ்ப்பள்ளிகளை நடத்தி, பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடி வருகிறவர்களின் வாசலில் போய் நின்றுகொண்டு, அவர்கள் பாட்டி வைத்த சாம்பார் அசல் இல்லை என்று அறிவிக்கும் உரிமை நமக்கு இல்லை. பலகையில் 'கும்பகோணம்' என்று ஊர்ப்பெயரை மட்டும் போட்டோம். அது உண்மை, யாருடைய அடுப்பையும் தாழ்த்துவதும் அன்று.

சைவச் சாப்பாட்டை நாடி வருகிற நாட்களும் வேறு. கும்பகோணத்தில் எங்கள் கூட்டத்தை முகூர்த்த நாளும் கோயிலுக்கு வருவோரும் தீர்மானிக்கிறார்கள். கிள்ளானில் வெள்ளிக்கிழமை மதியம் உட்கார இடம் இருக்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் தைப்பூச விரத காலத்திலும் அப்படியேதான். மற்ற நாட்களில் மதியச் சாப்பாடு மெல்லத்தான் நகரும். மாலைச் சிற்றுண்டிதான் கடையைத் தாங்குகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, வார நாட்களில் சோற்று உலையைக் குறைத்து ஆப்பம், அடை, இடியாப்பம் பக்கம் ஆட்களைத் திருப்பினோம்.

இனி உபசாரத்துக்கு வருகிறேன். பாபநாசம் பக்கத்திலிருந்து அழைத்துப்போன ஒரு தம்பிதான் அங்கே எங்கள் பந்தியைக் கவனிக்கிறார். ஊரில் நன்றாகப் பரிமாறுகிறவர் என்றால், கேட்பதற்கு முன்பே இலையைப் பார்த்து, தீர்வதற்குள் அடுத்ததைக் கொண்டு வந்து, "போதும்" என்று இலைக்கு மேல் கையை மறித்தாலும் "இன்னும் ஒரு கரண்டிதான் சார்" என்று அன்போடு போடுகிறவர். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் ஒரு சீனப் பெரியம்மாவுக்கும் அவர் இப்படித்தான் பரிமாறினார். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் மெல்லத் தலையசைத்து மறுத்தார். இவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் விட்டார். அந்த அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு, கூட்டுக்கு, வடைக்கு, பாயசத்துக்குத் தனித்தனியாக எவ்வளவு என்று மலாய் மொழியில் கேட்டார். அங்குள்ள சீன உணவகங்கள் பலவற்றில், கேட்காமலே மேசைக்கு வந்து சேரும் வேர்க்கடலைத் தட்டுக்கும் ஈரக் கைத்துண்டுக்கும் பில்லில் காசு ஏறும். வேண்டாம் என்றால் அப்போதே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு நம் வடை விருந்தாகத் தெரியவில்லை, பில்லாகத் தெரிந்தது. அதோடு, இலையில் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று எண்ணி வயிறு நிறைந்த பிறகும் அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். உபசாரம் அவருக்கு வதையாகிவிட்டது.

இதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு மிக எளியது. சாப்பாட்டில் என்னென்ன அடக்கம், எவை மறுபடியும் கேட்டால் காசில்லாமல் கிடைக்கும், எவற்றுக்குத் தனி விலை என்பதை மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் மேசையிலேயே எழுதி வைத்தோம். பரிமாறும் தம்பி ஒரு முறை கேட்பார்; வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுவார். சொல்வதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் பிறந்ததிலிருந்து வேறு விதமாகப் பழகிய கைக்கு அது எவ்வளவு கடினம் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்தத் தம்பிக்கு, கேட்காமல் போடாதது கஞ்சத்தனம்போலவே நெடுநாள் பட்டது. "அக்கா, மனசு கேக்க மாட்டேங்குதே" என்பார். விலையையும் உள்ளடக்கத்தையும் ஒளிவில்லாமல் சொல்லிவிட்டு, சாப்பிடுகிறவரை அவர் போக்கில் விட்டுவிடுவதும் மரியாதைதான் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் தனியாக வந்து உட்காரும் முதியவர்களிடம் மட்டும் இரண்டாம் முறையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பகிர்ந்துண்பதிலும் இதே இடைவெளி உண்டு. சீனக் குடும்பத்தினர் நடுவில் பாத்திரங்களை வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு ஓர் இலை என்பது அவர்களுக்கு விசித்திரம். எச்சில் என்ற எண்ணத்தோடு வளர்ந்த நமக்கு, இருவர் ஓர் இலையில் கை வைப்பது உறுத்தும். குடும்பமாக வருவோருக்குக் குழம்பு, கூட்டு, பொரியலைத் தனித்தனிக் கிண்ணங்களில் நடுவில் வைத்து, ஆளுக்கொரு சிறு இலை போடுகிறோம். வலக்கையால் சோறு சாப்பிடும் வழக்கம் மலாய்க்காரர்களுக்கும் உண்டு என்பதால் அந்த விஷயத்தில் விளக்கமே தேவைப்படவில்லை.

பானத்தைப் பற்றி யோசிக்காமல் மலேசியாவில் யாரும் கடை திறக்கக் கூடாது. நம் ஊரில் இலை போட்டதும் டம்ளரில் தண்ணீர் வந்துவிடும். அதற்கு விலை கிடையாது, சாப்பாட்டோடு வேறு பானம் குடிக்கும் வழக்கமும் இல்லை. அங்கே உட்கார்ந்தவுடன் முதலில் கேட்கப்படுவது என்ன குடிக்கிறீர்கள் என்பதுதான். எலுமிச்சைத் தேநீர், ஐஸ் போட்ட மைலோ, தே தாரிக் எனும் இழுத்து ஆற்றிய பால் தேநீர் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்ன பிறகே சாப்பாட்டுப் பேச்சு வரும். பல கடைகளில் வெறும் தண்ணீருக்கும் சிறு தொகை உண்டு. உணவில் விட்டதைப் பானத்தில் பிடிப்பதே அங்குள்ள கடைக் கணக்கு. தண்ணீருக்குக் காசு வாங்குவதில்லை என்று நாங்கள் தீர்மானித்தோம். வியாபாரமாகப் பார்த்தால் அது இழப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் சாப்பிட வந்தவருக்குத் தண்ணீரை விலைக்குக் கொடுக்க எங்கள் அப்பாவின் கடையில் வழக்கம் இல்லை, அங்கும் இருக்கப் போவதில்லை. அந்த இழப்பை நன்னாரி சர்பத்தும் பானகமும் மோரும் ஓரளவு ஈடு செய்கின்றன.

காப்பியின் கதை வேறு. அங்குள்ள பழைய கடைகளில் கிடைக்கும் கோப்பி, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையில் வடித்து, கெட்டிப்பால் கலந்தது. கறுப்பாக, கனமாக, தித்திப்பாக இருக்கும். அதில் பழகிய நாக்குக்கு, முதல் டிக்காஷனும் பசும்பாலும் கலந்த கும்பகோணம் டிகிரி காப்பி மெலிதாகத் தோன்றுகிறது. பாலில்தான் உண்மையான சிக்கல். மலேசியா பெருமளவு இறக்குமதிப் பால்மாவை நம்பியிருக்கும் நாடு. பெட்டியில் வரும் பாலில் டிகிரி காப்பி போட்டால் நுரை வரும், மணம் வராது. காலையில் கறந்த பாலை நேரடியாகக் கொடுக்கும் ஒரு தமிழ் மாட்டுப் பண்ணைக்காரரைத் தேடிப் பிடித்த பிறகே என் தம்பி காப்பியைப் பட்டியலில் சேர்த்தான். டவரா டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதை யாரிடமும் எதிர்பார்க்கவில்லை. சூட்டைத் தணிக்கத்தான் டவரா என்பதை ஆற்றிக் காட்டினால் போதும், பிறகு அவர்களே ஆற்றிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஹலால் சான்றிதழ். சைவச் சாப்பாட்டில் இறைச்சியே இல்லையே, இதில் ஹலால் எங்கே வருகிறது என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். இசுலாமியர் பார்ப்பது இறைச்சியை மட்டும் அன்று. வாசனைச் சாறுகளில் ஆல்கஹால் இருக்கிறதா, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, பாத்திரங்கள் வேறு எதற்குப் பயன்பட்டன என்பதெல்லாம் அதில் அடங்கும். மலேசியாவில் ஜாக்கிம் என்ற அரசுத் துறையும் மாநில சமய அமைப்புகளும்தான் இந்தச் சான்றிதழை வழங்குகின்றன. பெற்றே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பெறாமல் ஹலால் என்று எழுதுவது குற்றம். உணவு மலாய்க்காரர்களிடமும் பெரிய அங்காடிகளிடமும் பரவலாகப் போய்ச் சேர வேண்டுமானால் நடைமுறையில் அது இல்லாமல் முடியாது.

சான்றிதழுக்கான நிபந்தனைகளில் ஒன்று, அந்த இடத்தில் வழிபாட்டுப் பொருட்கள் இருக்கக் கூடாது என்பது. டெல்டாவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்கு மேலே சாமி படம் இருக்கும். விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு அது வியாபாரத்தின் பகுதியே அன்று, வியாபாரத்துக்கு முந்தியது. ஆகவே படத்தை எடுப்பதா, சான்றிதழை விடுவதா என்ற கேள்வி வீட்டில் பல நாள் பேச்சாக இருந்தது. நிபந்தனையில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. தன் உணவு இன்னொரு தெய்வத்துக்குப் படைக்கப்பட்டதாக இருக்கக் கூடாது என்பது ஒருவரின் நம்பிக்கை. சமைக்கும் இடத்தில் தெய்வம் இருக்க வேண்டும் என்பது இன்னொருவரின் நம்பிக்கை. ஒரே கூரையின்கீழ் இரண்டையும் நிறைவேற்ற முடியாது என்பதுதான் உண்மை. நடுவில் ஏதோ தந்திரம் செய்து இருவரையும் ஏமாற்றுவதைவிட, இரண்டு கூரைகள் போடுவதே நேர்மை என்று முடிவு செய்தோம்.

சாப்பாட்டுக் கடை சாமி படத்தோடு, சான்றிதழ் இல்லாமல், சைவ உணவகம் என்ற பெயரிலேயே நடக்கிறது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ரசப்பொடி, முறுக்கு ஆகியவற்றை வேறொரு கூடத்தில், விதிப்படி இசுலாமியப் பணியாளர்களை அமர்த்தி, சான்றிதழுடன் தயாரிக்கிறோம். அந்தக் கூடத்தில் ஆயுத பூஜை கிடையாது. அந்த நாளுக்குரிய இனாமும் புதுத்துணியும் மட்டும் எல்லோருக்கும் உண்டு. அங்கே மேற்பார்வை செய்யும் மலாய்ப் பெண்மணி மூலப்பொருள் ஒவ்வொன்றின் சீட்டையும் கேட்டு வாங்கிப் பதிவு செய்யும் ஒழுங்கைப் பார்த்து, கும்பகோணத்துச் சரக்கறையிலும் அதே முறையைக் கொண்டு வந்திருக்கிறேன்.

நோன்பு மாதத்தில் கிள்ளானின் பகல் அடங்கி, மாலையில் ரமலான் சந்தைகள் களைகட்டுகின்றன. நாகூரும் ராஜகிரியும் பண்டாரவாடையும் அருகில் இருக்கும் எங்களுக்கு நோன்புக் கஞ்சி புதிதன்று. ஆனால் நம் ஊரில் அது பள்ளிவாசலில் கொடுக்கப்படுவது, விலைப் பொருள் அன்று. எனவே அதை விற்க நாங்கள் முற்படவில்லை. சான்றிதழ் பெற்ற கூடத்தில் செய்த முறுக்கும் தட்டையும் மட்டும் சந்தைக்குப் போகின்றன.

நாங்கள் சற்றும் எதிர்பாராத நல்ல வாடிக்கையாளர்கள் சீனச் சைவர்கள். பௌத்த வழியில் வந்த சீனர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடுகிறார்கள். ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் தெய்வ விழாவில் ஒன்பது நாளும் சைவம்தான், கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அது நம் நவராத்திரியை ஒட்டியே வருகிறது. அவர்களில் கண்டிப்பானவர்கள் வெங்காயம், பூண்டைத் தொடுவதில்லை. சின்ன வெங்காயம் இல்லாமல் சாம்பாரா என்று மாஸ்டர் திகைக்கவில்லை. கும்பகோணத்தில் விரதச் சமையலும் திவசச் சமையலும் செய்து பழகிய கை அது. அவரைத் திகைக்க வைத்தது பெருங்காயம். வெங்காயத்துக்கு மாற்றாக நாம் நம்பியிருக்கும் பெருங்காயமும் பௌத்தர்கள் விலக்கும் ஐந்து காரப் பொருட்களில் ஒன்று. அந்த நாட்களில் பெருங்காயமும் இல்லாமல், மிளகும் இஞ்சியும் சீரகமும் கறிவேப்பிலையும் கொண்டே ரசம் வைக்க வேண்டும் என்றபோது, அவர் இரண்டு மூன்று விதமாக வைத்துப் பார்த்து, இறுதியில் நெய்யில் பொரித்த மிளகைக் கடைசியில் தட்டிப் போட்டு ஒரு ரசத்தைக் கொண்டு வந்தார். கொண்டைக்கடலைச் சுண்டலும் அந்த ஒன்பது நாளும் குறைவில்லாமல் போகிறது. நம் வீட்டுக் கொலுச் சுண்டல் மஞ்சள் கொடிக்குக் கீழே விற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் அதற்கான பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2019இலிருந்து உணவகங்களில் புகைபிடிக்கத் தடை. இலை எடுப்பதற்கென்று தனி ஆள் அங்கே கிடையாது. பரிமாறுகிறவரே எடுத்துத் துடைக்க வேண்டும். நம் ஊரில் எச்சில் இலையை யார் எடுப்பது என்பதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிக் கணக்கை எந்த ஆளும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதை நாங்கள் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். அதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது வீட்டில் நடக்கும் பேச்சு கோழிக் குழம்பைப் பற்றியது. அங்கே பிறந்து வளர்ந்த தம்பி மகன், "அத்தை, தோசைக்கு ஒரு கோழிக் குழம்பு வெச்சா போதும், வார நாள் கூட்டம் தானா வரும்" என்கிறான். கணக்காக அவன் சொல்வது சரி. மலேசியத் தமிழர் தோசையைக் கறிக் குழம்போடு விரும்பிச் சாப்பிடுகிறவர்கள். கோழி சமைப்பதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை. வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் மஞ்சள் கொடி நாளில் வரும் சீனர்களும் நம்பி உட்காரும் அந்த அடுப்பில் சமைக்கக் கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனை. வேறு இடம், வேறு பெயர், வேறு பாத்திரம், தொடக்கத்திலிருந்தே ஹலால் சான்றிதழ் என்றால் முதலில் நானே பணம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கடைக்குக் கும்பகோணத்திலிருந்து மாஸ்டரை அனுப்பப் போவதில்லை. கிள்ளானிலேயே பிறந்த ஒரு தமிழ் முஸ்லிம் சமையற்காரரை அமர்த்தி, பட்டியலை அவரே எழுதட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். தம்பி மகன் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.